முன்தகட்டில் ஒரு நசுங்கல்

எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. குறுகலான சந்தில் என் சமையலறை ஜன்னல்தான் எதிர்வீட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர், தான் கடைசியாக ஓட்டிய எஞ்சினை முழங்கை நீளத்தில் பித்தளையில் செய்துகொண்டிருக்கிறார். பொம்மை என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது, மாடல். இல்லாவிட்டால் மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பழைய போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நிஜ எஞ்சினில் துரு வழிந்த இடத்திலெல்லாம் மெல்லிய தூரிகையால் துருவை வழியவிடுகிறார். மாலை வெயில் தகட்டில் பட்டு அவர் மோவாயில் மஞ்சளாக ஆடுகிறது. மனைவி பின்னால் வந்து நிற்கிறாள். அவளுடைய தம்பி, தண்டவாளத்தைக் கடக்கும்போது பைக்கோடு அடிபட்டுச் செத்தது இந்த எஞ்சினில்தான். ஓட்டி வந்தவர் இவர். “முன்னாடி அந்த நசுங்கலையும் வைக்கப்போறீங்களா? போட்டோல இல்லையே.” “போட்டோ அதுக்கு முன்னாடி எடுத்தது.” “அப்போ விட்டுடுங்களேன். துருவெல்லாம் வச்சாச்சே, போதாதா?” “விட்டா இது நான் ஓட்டின வண்டி இல்லம்மா.” எங்கோ ஒரு ரேடியோவில் யாரோ சிரிக்கிறார்கள். நான் குழாயை மூடுகிறேன்; தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்டுத் தொலையமாட்டேன் என்கிறது. அவர் இடுக்கியை எடுத்து முன்தகட்டில் பொருத்துகிறார். அவள் குனிந்து உற்றுப் பார்க்கிறாள். “அங்க இல்ல,” என்கிறாள். “இன்னும் கீழ. அவன் பைக் அவ்வளவு உயரம் இல்ல.”