கைத்தட்ட ஆள் உண்டு

மேடையில் விருதுக்குக் கனகராஜின் பெயரைச் சொன்னதும் மண்டபம் அமைதியாகிவிட்டது.

ஒருவர்கூடக் கைத்தட்டவில்லை. பிரியாணித் தட்டில் கரண்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அதில் அவனுக்கு வருத்தமில்லை. அது அவனே போட்ட உத்தரவு.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஞாயிற்றுக்கிழமையானால் எங்காவது ஒரு விருது விழா இருக்கும். விருந்தில் ஒரு மேசையைக் காசு கொடுத்து வாங்கினால் விருது நிச்சயம். வாங்குகிறவருக்குக் கைத்தட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டால் ஷிப்ட் என்பார்கள், கால் வலி என்பார்கள். வருகிற இரண்டு பேரும் கோழி முடிந்ததும் காரை எடுத்துவிடுவார்கள்.

எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த இந்தக் குறையில் காசு இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் கனகராஜ்.

ஜெலாப்பாங்கில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, ‘நம்ம சொந்தம்’ என்று பலகை மாட்டினான். கல்யாணத்துக்கு அத்தை, மாமா. பிறந்தநாளுக்குப் பெரியம்மா. நூல் வெளியீட்டுக்கு, கடைசி உரை வரை எழுந்து போகாத வாசகர். பந்தியில் மரியாதை குறைந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகும் சித்தப்பா வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அந்தச் சித்தப்பாவுக்குத்தான் கிராக்கி அதிகம்.

இன்றைக்கும் விருது வாங்கியவர்களுக்கெல்லாம் அவனுடைய ஆட்களே சொந்தம். அழகு நிலையம் வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு மேசை நிறையத் தங்கைகள். கார் கழுவும் கடைக்காரருக்கு மாலையும் கையுமாக மாமன்மார். ஒரு மாமன் விசிலடித்ததில் கடைக்காரரே மிரண்டு போனார்.

காலையில் வேனில் ஏற்றும்போதே கனகராஜ் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

“எனக்கு மட்டும் யாரும் தட்டாதீங்கலா. இன்னைக்கு எனக்கு ஒரிஜினல் கைத்தட்டு வேணும்.”

ஒரிஜினலுக்கு அவன் நம்பியிருந்தது மனைவி துளசியை.

துளசி அவனோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. மகள் ஷர்மினியும் அம்மா பக்கம். ஏதோ சின்ன விஷயம், தானாகச் சரியாகிவிடும் என்று அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான். சரியாகவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு மேசையில் இருந்தது, துளசி அறைக்குள் இருந்தாள்.

நேற்று அந்த அறை வாசலில் நின்று, நீ வராவிட்டால் இந்த விருதே எனக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. இருந்தாலும் முதல் வரிசையில் நடு நாற்காலியில் ‘திருமதி கனகராஜ்’ என்று ஒட்டச் செய்தான். விழா தொடங்கியபோது அது காலியாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேடைக்குப் பின்னால் போய்க் காத்திருந்தான்.

இப்போது மேடையில் நிற்கிறான். விளக்கு முகத்தில் அடிக்கிறது. கீழே ஒருவரும் அசையவில்லை. சொன்ன சொல் தட்டாத ஆட்கள்.

அப்போது ஒரு கைத்தட்டல் கேட்டது.

ஒற்றைக் கைத்தட்டல்தான். ஆனால் நிற்கவில்லை. முதல் வரிசையில், அதே நடு நாற்காலியிலிருந்து ஒருத்தி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். கண்கூச்சத்தில் முகம் தெரியவில்லை. மயில்பச்சைச் சேலை தெரிந்தது. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் அவனே எடுத்துக்கொடுத்த சேலை.

வந்துவிட்டாள்.

ஊரார் சாவு வீட்டுக்கெல்லாம் அழ ஆள் அனுப்பியவனுக்கு இலவசமாகவே அழுகை வந்தது.

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில உரையை விட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல ஒரு காதுகுத்துன்னா லயத்து வீடு அத்தனையும் வந்து நிக்கும். இப்ப டவுன்ல தாமான் வீட்டுக்கு வந்தப்புறம், நம்ம வீட்டு விசேஷத்துக்கு நாமளே லீவு போட யோசிக்கிறோம். அந்தப் பிரச்சினையிலதான் நான் பிஸ்னஸப் பாத்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன். ஆயிரம் பேர காசு குடுத்துக் கூட்டியாரலாம், வீட்டு ஆளு தட்டுற தட்டுக்கு ஈடு வராதுலா!”

பச்சைச் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. தோள் குலுங்கியது.

கேடயத்தை வாங்கிய கையோடு, படம் எடுக்கக்கூட நிற்காமல், படியில் இறங்கி நேராக அந்த நாற்காலிக்குப் போனான். சபை என்றும் பார்க்காமல் தோளைத் தொட்டான்.

முந்தானை விலகியது.

மங்களம். அவனுடைய கம்பெனியிலிருந்து கல்யாணங்களுக்கு அத்தையாகப் போகிறவள்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. நீங்க தட்டக்கூடாதுன்னீங்க, ஆனா துளசி அக்கா பணம் கட்டி புக் பண்ணிட்டாங்க. சேலையும் அவங்களோடதுதான்.”

கனகராஜ் திரும்பிப் பார்த்தான். சுற்றியிருந்த மாமன்மாரும் தங்கைகளும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மங்களத்துக்குப் பாவமாகப் போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, மிச்சத்தையும் சொன்னாள்.

“போன மாசம் ஷர்மினிக்கு ஸ்கூல்ல பரிசு குடுத்தப்ப, ஒங்களுக்கு டைம் இல்லேன்னு ஆபீஸ்லேருந்து ஒருத்தர அப்பா சீட்டுல உக்கார வச்சீங்கல்ல அண்ணே? அதே பேக்கேஜ் ஒங்களுக்கும் போதும்னு சொல்லிட்டாங்க.”