முகவரி மாற்றம்

சமையல் மேடைமேல் ஒரு கடிதத்தை வைத்து, வெங்காயம் நறுக்குகிற மாதிரி பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார் நெடுஞ்செழியன். பாதியை ஒரு குப்பைப் பையிலும் மீதியை இன்னொரு குப்பைப் பையிலும் போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஏதோ கள்ளக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். புது கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி வந்த வெறும் விளம்பரம்தான். அதை எவனாவது குப்பையிலிருந்து பொறுக்கி, அமெரிக்க அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற சோஷியல் செக்யூரிட்டி நம்பரில் அவருடையதையும் எப்படியோ பிடித்து, அவர் பெயரிலேயே கடன் வாங்கித் தின்றுவிடுவான் என்று அவருக்குப் பயம்.

சான் ஹோசேயில் அந்த நம்பரை அவரைப் போலக் கட்டிக் காத்தவர் யாருமில்லை. டாக்டர் ஆபீஸில் கேட்டால்கூட, எதற்கு என்று திருப்பிக் கேட்பார். அந்த வீட்டில் அவர் காவல் காக்க வேறு என்னதான் மிச்சம் இருந்தது?

மனைவி சாந்தாமணி காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் மகிழன் காலேஜைப் பாதியில் விட்டான். "படிக்காதவனுக்கு இந்த வீட்டுல இடமில்லை" என்று அப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக, போன தீபாவளிக்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான்.

எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியவில்லை. வயது வந்த பையன், தானாகப் போயிருக்கிறான் என்று போலீஸில் கையை விரித்துவிட்டார்கள். அவன் நன்றாக இருக்கிறான் என்று ஒரு சேதி வந்தால் போதும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் கோயிலில் யார் விசாரித்தாலும், பாஸ்டனில் படிக்கிறான் என்றே சொல்லிவந்தார்.

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த நண்பர் வெங்கடாசலமும் சோபாவில் உட்கார்ந்ததுமே அதைத்தான் கேட்டார்.

"மகிழன் போன் பண்றானா செழியன்?"

"வாரா வாரம் பண்றான். படிப்புதான் ரொம்ப டைட்டாம்."

பேச்சை மாற்றுவதற்காக, இந்த மாதம் கிரெடிட் கார்டு பில் வரவில்லை என்று ஆரம்பித்தார் நெடுஞ்செழியன். வெங்கடாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் பில் வராமல் நின்று, கடைசியில் வீட்டு லோனே கிடைக்காமல் போனது என்று கதை சொல்லி, அப்போதே பாங்க்குக்குப் போன் பண்ண வைத்தார்.

போனை எடுத்த அமெரிக்கப் பெண், பில்லை அனுப்பிவிட்டோமே என்றாள். டெக்சாஸில், ஹூஸ்டனில் இருக்கிற அவருடைய புது முகவரிக்குப் போயிருக்கிறதாம். புது கார்டும் அங்கேதான் போனதாம்.

நெடுஞ்செழியனுக்கு ரத்தம் கொதித்தது. ஹூஸ்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது, இது எவனோ திருடன் வேலை என்று இங்கிலீஷில் கத்தினார். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தும் இப்படியா என்று பொருமினார்.

"நான் சொல்லல?" என்றார் வெங்கடாசலம். "உடனே கேன்சல் பண்ணச் சொல்லுங்க. அதான் அட்ரஸ் இருக்கே, போலீஸ் போய் அவனை அள்ளிக்கிட்டு வரட்டும்."

பாங்க்குப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார்டை முடக்கிவிட்டு இன்றைக்கே முகவரியைப் போலீஸில் கொடுத்துவிடுவார்களாம். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. முகவரியை மாற்றச் சொல்லிப் போன் பண்ணிய ஆள், சோஷியல் செக்யூரிட்டி நம்பரோடு நிற்காமல், அடையாளத்துக்காகக் கேட்கிற அவர் தாயாருடைய பிறந்த வீட்டுப் பெயரையும் சரியாகச் சொல்லியிருக்கிறான்.

"வட்... டலா... குண்டு" என்று திணறித் திணறிப் படித்தாள். "எழுத்துக் கூட்டியே சொல்லியிருக்கார் சார்."

நெடுஞ்செழியன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

நம் ஊர் அம்மாக்களுக்கு அப்படி ஒரு பெயர் ஏது? கணக்குத் திறந்த அன்றைக்கு இந்தக் கேள்விக்கு அவர் திருதிருவென்று விழிக்க, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் மகிழன்தான், பாட்டி ஊர் வத்தலக்குண்டையே போட்டுவிடுங்கள் என்று எடுத்துக்கொடுத்தான். பிறகு காலேஜ் அப்ளிகேஷனில் அப்பாவின் நம்பரை எழுதியதும் அவனேதான்.

வெங்கடாசலத்துக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியாக அந்தக் கார்டில் என்ன வாங்கப்பட்டிருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டார். காருக்குப் பெட்ரோல், கொஞ்சம் மளிகை, நேற்று ஒரு மூக்குக்கண்ணாடி என்றாள் அவள்.

பவர் கூடியிருக்கும், அவனுக்கு வருஷா வருஷம் கூடத்தானே செய்யும் என்று நினைத்தார். நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சார், கார்டை முடக்கிடலாமா?"

"வேண்டாம் மேடம். கோபத்துல ஏதோ உளறிட்டேன். மாத்தினது நான்தான்."

வெங்கடாசலம் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். நெடுஞ்செழியன் அவர் பக்கம் திரும்பவில்லை. அவசர அவசரமாகப் பேனாவைத் தேடி எடுத்து, கைக்குக் கிடைத்த காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அந்த அட்ரஸைச் சரியா எழுதியிருக்கீங்களான்னு பார்க்கணும் மேடம், கொஞ்சம் மெதுவாப் படிங்க."