முதல் பரிசு

புக்கிட் ரோத்தானிலிருந்து பஸ்ஸில் வரும் தனேஸ்வரியிடம் வகுப்பில் ஒருவரும் பேசுவதில்லை. கேண்டீனில் அவள் உட்கார்ந்தால் மேசையே காலியாகிவிடும். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அன்று, ஒரு காலத்தில் உயிர்த்தோழியாக இருந்த லோகாஷினி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தனே, நம்ம புரோஜெக்ட்டுக்கு மாநிலத்துலயே முதல் பரிசு!"

"என்ன புரோஜெக்ட்?"

"ஒருத்தர எல்லாரும் ஒதுக்கினா அவங்க மனசு எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி. உனக்குத் தெரிஞ்சா சரியா வராதுன்னு டீச்சர்தான் சொல்ல வேணாம்னாங்க. கோவிக்காத லா!"

தனேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியென்றால் யாருக்கும் தன்மேல் வெறுப்பில்லை!

"அப்போ மூணு மாசமும் நடிச்சீங்களா?"

லோகாஷினியின் கைகள் தளர்ந்தன.

"நடிச்சது ஒரு வாரம்தான். அப்புறம்... அப்படியே பழகிப்போச்சு."