மங்கல் பல்பு

“வெளியில இருக்கிற பல்பு ஒண்ணு விடாம எல்.இ.டி.யா மாத்திடுங்க” என்றார் கணவர்.

“ஒண்ணையும் தொடாதீங்க” என்றாள் மனைவி.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றார். இதில் யார் பேச்சைக் கேட்பது?

வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி என்று ஒரு குடித்தனத்தையே அடக்கியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் ஊர் சுற்ற வாங்கிய வண்டி. ஹெட்லைட், பின்விளக்கு, படிக்கு மேலே ஒன்று என்று வெளிவிளக்குகள் மட்டும் பழைய பல்புகள்.

“வெயிலுக்குப் பயந்து சாயந்திரம்தான் கிளம்புவோம். இந்த மங்கல்ல எவன் ஓட்டுவான்? மின்மினிப்பூச்சியே தேவலை” என்றார் கணவர். “ரெண்டு மாசமா இவதான் ஓட்டறா. எல்.இ.டி. போட்டாச்சுன்னா ஸ்டீயரிங் மறுபடி என் கைக்கு வந்துடும்.”

ஓஹோ, சங்கதி இதுதானா என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். ருசி கண்ட பூனை. ஸ்டீயரிங்கை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை.

“பேட்டரியும் மிச்சமாகும்மா” என்று சொல்லிப் பார்த்தார்.

“பழசு நல்லாத்தான் எரியுது.”

“சரியான கஞ்சம்” என்று சிரித்தார் கணவர். “பல்பு விஷயத்துலயா உன் சிக்கனத்தைக் காட்டணும்?”

அவள் முகம் சுண்டிப் போயிற்று.

கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. மெக்கானிக் இரண்டு ஹெட்லைட்டிலும் புதுசை மாட்டினார். ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

எதிர்ச்சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. ஆணியில் தொங்கிய ஸ்பேனர்களின் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது. மெக்கானிக்குக் கண் கூசியது.

“எப்படி சார்?”

கணவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் பழசுதானே எரியுது? புதுசை எப்ப போடுவீங்க?”

மெக்கானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரை வண்டிக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

“பார்க்காத கண் டாக்டர் இல்லை தம்பி” என்றாள் மெல்ல. “இனிமே தெளியாது, வண்டி ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. இவர் ஒத்துக்க மாட்டேங்கறார். பல்புதான் மோசம்னு சொல்லிக்கிட்டு சாவியை என்கிட்ட கொடுத்திருக்கார். மெதுவா அவரே புரிஞ்சுக்கட்டும். அதுவரைக்கும் பழி பல்பு மேலேயே இருந்துட்டுப் போகட்டுமே.”

சற்று முன் இவளைப் பற்றி என்ன நினைத்தோம் என்று மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது.

முன்பக்கம் வந்து சுவிட்சை அணைத்தார்.

“சார், இந்த வண்டிக்கு எல்.இ.டி. சேராது. போட்டா வயரிங் பூரா போயிடும். பழசே இருக்கட்டும்.”

“பார்த்தியா, நான் சொல்லலை? கோளாறு வண்டியிலதான்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கணவர் கதவைத் தடவித் திறந்து, பக்கத்து சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்.