வெளியால் பூட்டிய கதவு

“அந்தப் பிள்ளையை ஏன் அறைக்குள்ளை விட்டுப் பூட்டினனீங்கள், கொன்ஸ்ரன்ரைன்?”

டிரெக்டர் தனஞ்சயன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

காப்புறுதிக் கம்பனியின் கொட்டாஞ்சேனைக் கிளை மனேஜர் கொன்ஸ்ரன்ரைன் மேசையைப் பார்த்தபடி நின்றார். ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருட வேலை.

“பூட்டினது நான்தான் சேர். ஏனெண்டு சொல்ல ஏலாது.”

மூலைக் கதிரையில் ஆரணி இருந்தாள். இந்த விசாரணையே அவள் எழுதிய அறிக்கையால் வந்ததுதான்.

கொழும்புக் கம்பனிகளில் எல்லாச் சமூகத்தவரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்களா என்பது அவளுடைய பல்கலைக்கழக ஆய்வு. அதற்காக மூன்று கிழமை இந்தக் கிளைக்கு வந்து, நடப்பதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

தினமும் காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் கொன்ஸ்ரன்ரைன் கவுண்டருக்கு வருவார்.

“நஸ்லா, ஃபைல் ரூமுக்குப் போங்கோ” என்பார்.

முக்காடு போட்ட அந்தப் பிள்ளை பேசாமல் எழும்பிப் போகும். அவர் பின்னாலேயே போய் வெளியால் பூட்டிவிட்டு, வாசலில் நிற்பார். இருபது நிமிடம். ஃபைல் எடுக்க வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆரணி ஒருநாள் நஸ்லாவிடமே கேட்டாள்.

“உங்களை ஏன் பூட்டி வைக்கிறார்?”

“ஒண்டுமில்ல மிஸ். அத உட்டுடுங்க.”

பயத்தில் மறைக்கிறாள் என்றுதான் ஆரணிக்குத் தோன்றியது. ‘முஸ்லிம் பெண் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளரின் கண்ணில் படாதவாறு தினமும் பூட்டி வைக்கப்படுகிறார்’ என்று எழுதினாள். பெயர் போடவில்லை. ஆனால் அந்தக் கிளையில் இருந்த முஸ்லிம் பெண் ஒருத்திதான்.

தனஞ்சயன் பேனையை எடுத்தார்.

“இன சமய பேதம் இல்லாத கம்பனி எண்டு பேப்பரிலை விளம்பரம் போடுறம். அடுத்த கிழமை யூனிவர்சிற்றிக் கூட்டத்திலை இந்த மிஸ் இதை நூறு பேருக்கு முன்னாலை வாசிக்கப் போறா. நான் என்ன பதில் சொல்லுறது? அந்தப் பிள்ளையும் கேட்டால் ஒண்டுமில்லை எண்டுது. காரணத்தைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இந்தக் கடிதத்திலை கையெழுத்து வைப்பன்.”

வேலையிலிருந்து இடைநிறுத்தும் கடிதம்.

“வையுங்கோ சேர்.”

அந்தக் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிழை செய்த மனிதன் இப்படியா நிற்பான்? ஆரணி எழும்பினாள்.

“சேர், எனக்கு அஞ்சு நிமிசம் தாங்கோ.”

நஸ்லா பின்பக்கப் படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“மிஸ், சேர்ட வேல போகப்போகுதா?”

“ஓம். நீங்கள் வாயைத் திறந்தால்தான் தப்புவார்.”

“தொறந்தா என்ட வேல போயிடும். நிரந்தரமாக்க இன்னம் பதினொரு நாள்தான் இரிக்கி. அதுவரைக்கும் கதைக்கவே கூடாதுண்டு சேர் சத்தியம் வாங்கிட்டாரு. எங்கட வீட்ல சம்பளம் எடுக்கிறது நான் மட்டுந்தான் மிஸ்.”

பிறகு ஆரணியின் காதோடு காதாக இரண்டு வசனம் சொன்னாள்.

“நீங்களும் ஆருக்கும் செல்லிடாதீங்க.”

ஆரணி திரும்பி உள்ளே போனாள்.

“சேர், அந்தப் பக்கத்தை என்ர அறிக்கையிலையிருந்து எடுக்கிறன். நான் கண்டது பூட்டின கதவை மட்டும்தான். விசாரியாமல் எழுதிப்போட்டன். பிழை என்னிலை.”

“அப்ப உள்ளுக்கை என்னதான் நடந்தது?”

“அதை நானும் சொல்ல ஏலாது சேர்.”

தனஞ்சயனின் முகம் சிவந்தது.

“ரெண்டு பேரும் விளையாடுறீங்களே? உங்கடை பேராசிரியருக்கு நான் எழுதுவன்.”

“எழுதுங்கோ சேர்.”

கொன்ஸ்ரன்ரைன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

கூட்டத்தில் வாசிக்க அந்தப் பக்கமே இல்லாமல் போனதால் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. ஆனால் பேராசிரியருக்குச் சொன்னபடியே எழுதிவிட்டார் தனஞ்சயன். அடுத்த கிழமைக் கூட்டத்தில் ஆரணியின் பெயர் இல்லை. இந்தக் கம்பனியில் செய்த வேலை முழுவதையும் வேறொரு கம்பனியில் முதலிலிருந்து செய்யச் சொன்னார் பேராசிரியர்.

அதைவிட அவளை வாட்டியது வேறு. யாராவது மோப்பம் பிடித்துவிட்டால்? நஸ்லாவைத் திரும்பவும் கூப்பிட்டு விசாரித்துவிட்டால்? பாமன்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மிச்ச நாட்களை எண்ணினாள்.

பன்னிரண்டாம் நாள் நஸ்லா ஃபோனில் கூப்பிட்டாள்.

“நிரந்தரமாக்கின லெட்டர் கையில கெடச்சிட்டு மிஸ்! கெடச்ச கையோட டிரெக்டர் சேருக்குக் கோல் எடுத்து எல்லாத்தயும் செல்லிட்டன். கொன்ஸ்ரன்ரைன் சேருக்குக் கெட்ட பேரு இரிக்கக் கூடாதுதானே.”

“ஐயோ, என்னெண்டு சொன்னனீங்கள்?”

“உள்ளதத்தான். எனக்கு ஒம்போது மாசத்துப் புள்ள இரிக்கி, இன்டர்வியூல இல்லண்டு பொய் சென்னன், புள்ளக்கிப் பால் எடுத்து வைக்கத்தான் அந்த ரூமுக்குப் போனன், உள்ளுக்கால கொளுக்கி இல்லாததால சேர் வெளியால பூட்டிட்டு எனக்குக் காவல் நிண்டாருண்டு சென்னன்.”

“அதுக்கு டிரெக்டர் என்ன சொன்னவர்?”

“நாளைக்கே கொளுக்கி போடச் செல்லுறண்டாரு. நான் பொய் சென்னதுக்கு ஏசவும் இல்ல மிஸ். ‘புள்ள இருந்தா இந்த வேல சரிவராது, உங்களுக்குப் புள்ள இரிக்கா’ண்டு இன்டர்வியூல கேட்டதே அவருதானே.”