பூஜையில் வைத்த போன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து மாரியம்மன் பேரில் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சரஸ்வதி பூஜையன்று காலை கிருஷ்ணராஜ் தன் அம்மா பாக்கியலெட்சுமியின் காலில் விழுந்து கிடந்தான்.

ஆசீர்வாதத்துக்கு இல்லை. போனைத் திருப்பிக் கேட்டு.

போன் என்றால் கைபோன் இல்லை. கொழும்பில் மூடிய ஏதோ ஆபீசிலிருந்து ரவுட்டர், ஸ்விட்ச், இரண்டு மேசை போன் எல்லாவற்றையும் உரச்சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நெட்வர்க் வழியாகக் குரல் அனுப்பும் படிப்புக்கு வீட்டிலேயே ஒரு லேப். ஒரு போன் இங்கே, மற்றது லயத்தின் கடைசியில் அங்கம்மா வீட்டில். நடுவே எல்லார் கூரைக்கும் கீழாக ஒயர் ஓடியது.

தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்ற தகராறில் அங்கம்மாவுக்கும் பாக்கியலெட்சுமிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒயரு பேசுனா பேசட்டும், நான் பேச மாட்டேன் என்று சொல்லித்தான் அங்கம்மா சம்மதித்தாள்.

ஒயரும் பேசவில்லை. மழையில் லுணுகலை டவுனுக்கு நடந்து, றுஷ்தி கடையில் சார்ஜ் போட்ட லேப்டாப்பைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வருவான். அது அணையும்வரை தட்டுவான். ஒயரை மாற்றினான், போனை மாற்றினான், சோறு தண்ணியை விட்டான். போன் ஒருநாளும் அடிக்கவில்லை.

ஏற்கெனவே ஒரு தடவை பரீட்சையில் தவறியாயிற்று. இதுவும் போனால் கொழும்புப் புடவைக் கடையில் மறுபடி மூட்டை தூக்கவேண்டியதுதான். பரீட்சை மறுநாள் காலை. சாயந்தரம் பதுளையில் ரயில் ஏறவேண்டும்.

அப்படிப்பட்ட நாளில்தான் பாக்கியலெட்சுமி வீட்டிலிருந்த லேப் முழுவதையும் ஒயரோடு தூக்கி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பக்கத்தில் சாமி படத்தின் கீழ் வைத்துவிட்டாள். ஸ்விட்சின் ஓட்டை ஒன்று விடாமல் சந்தனம் வேறு.

"ஒரே ஒருக்கா அடிச்சுப் பாத்துக்கிறேன்மா."

"பூசையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். ஒன் படிப்புக்குத்தானடா வச்சிருக்கேன்."

"நாளைக்குத்தாம்மா பரீச்சை."

"அது அவளுக்குத் தெரியாதா?" என்று படத்தைக் காட்டினாள்.

அவன் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பாக்கியலெட்சுமி விளக்கேற்றி, மணியடித்துச் சூடம் காட்டினாள். மணியைக் கீழே வைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

போன் அடித்துக்கொண்டிருந்தது.

பூஜையில் வைத்ததைத் தொடலாமா என்று அவளே ஒரு கணம் தயங்கி, கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு எடுத்தாள்.

"மதினி," என்றது அங்கம்மாவின் குரல். "கடலை தாளிச்சாச்சு. கிண்ணம் இருந்தா குடுத்து விடுங்க."

பாக்கியலெட்சுமி கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பிறகு, "நானே கொண்டாறேன்" என்றாள்.

கிருஷ்ணராஜ் சாயந்தர ரயிலில் போனான், பாஸ் பண்ணினான், கொழும்பில் வேலையும் கிடைத்துவிட்டது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். லேப் அதே இடத்தில்தான் இருக்கிறது, சந்தனம்கூட இன்னும் காயவில்லை. வரும்போது மட்டும் ஒரு டார்ச் லைட் கொண்டுவாருங்கள்.

எங்கள் லயத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை.