காலி லோரி பின்னாடி

அப்பாவோட மொத வருஷப் படையலுக்கு, அவரு தெனமும் குடிச்ச கடை டீயையே வைக்கணும்னு அன்பரசிக்கு ஒரே பிடிவாதம். புக்கிட் ரோத்தான் பூரா மோட்டர்ல சுத்திட்டா. மேப்புல அப்படி ஒரு கடையே இல்ல.

மோட்டருக்கு எண்ணெய் ஊத்துற எடத்துல ஒரு அண்ணன்தான் வழி சொன்னாரு. "செம்பனைப் பழம் ஏத்துன லோரி நேரா மில்லுக்குப் போயிரும்லா. நீ காலி லோரி பின்னாடி போ. அதான் டீ குடிக்க நிக்கும்."

அப்படியே போனா, தோட்டத்துக்குள்ள ஒரு தகரக் கூரைக்குக் கீழ கடை இருந்துச்சு.

"அண்ணே, நான் இருசப்பன் மவ. அப்பா குடிக்கிற தே ஓ ஒரு பாக்கெட் கட்டுங்க."

கடைக்காரரு பால் ஊத்தாத டீயில ரெண்டு கரண்டி சீனிய அள்ளிப் போட்டாரு.

"சீனி வேணாம்லா, அவருக்கு இனிப்பு நீரு வியாதி."

"இப்பல்லாம் சீனி போட்டுத்தாம்மா குடிக்கிறாரு."

"அப்பா செத்து ஒரு வருஷம் ஆச்சுண்ணே."

"ஆமா, அதுக்கப்புறம்தான்"னு சொல்லிட்டு, ஸ்ட்ரோவச் சொருகி, பை வாயக் கயித்தால இறுக்கிக் கட்டிக் குடுத்தாரு.

வீட்ல அந்தப் பாக்கெட்ட ஒரு கப்புல நிக்க வச்சு, எலை போட்டுப் படைச்சு, அவரு சாப்பிடட்டும்னு கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்தா, போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. டீ பாதிதான் இருக்கு. ஸ்ட்ரோ நுனி தட்டையாயிருக்கு, அப்பா எப்பவும் கடிச்சு வைக்கிற மாதிரியே.

அம்மா பாக்கெட்டப் பிரிச்சு ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தாங்க. அப்புறம் அப்பா படத்துப் பக்கம் திரும்பினாங்க.

"யாரக் கேட்டுச் சீனி போட்டுக்கிட்டீங்க?"